டப்பாவும் தட்டும்

தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டு வகைப் புகையிலை இருந்தது. ஒன்று அம்மாவின் மடியில், பீடித் தட்டில். இன்னொன்று கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த மாமாவின் அலமாரியில், வட்டத் தகர டப்பாவில். தட்டில் கிடந்தது நிப்பாணிப் பக்கத்துத் தூள். டப்பாவில் இருந்தது லண்டன் பேர் போட்ட பைப் புகையிலை. இரண்டையும் முகர்ந்து வளர்ந்தேன். பிறகு இரண்டையும் பல வருடம் புகைத்தேன். இன்று இரண்டும் கிடையாது. ஆனாலும் மூக்கும் நாக்கும் எதையும் மறக்கவில்லை. அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பைப் பிடிப்பதை ரசனை என்கிறார்கள், பீடி குடிப்பதைப் பழக்கம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீடியிலும் கலவை உண்டு. தரம் பார்க்கும் முறை உண்டு, அதற்கென்று சொற்களும் உண்டு. அந்தச் சொற்களை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் டப்பாவைத் திறப்போம். ஆங்கிலக் கலவை என்று பைப்காரர்கள் இன்று சொல்வது பெரும்பாலும் மூன்று இலைகளின் சேர்க்கை. அடிப்படை வர்ஜீனியா. மூடிய கொட்டகையில் சூடான காற்றில் பதப்படுத்துவதால் இலையின் சர்க்கரை அப்படியே நிற்கும். மணம் புது வைக்கோல் மாதிரி இருக்கும். அடுத்தது துருக்கி, கிரேக்கம் பக்கத்துச் சிற்றிலை. வெயிலில் உலர்வது, லேசான புளிப்பும் பழைய தோல்பையின் வாடையும் அதில் வரும். மூன்றாவதுதான் இந்தக் கலவைக்கு முகம் கொடுப்பது: லத்தாக்கியா. சிரியாவின் துறைமுகப் பெயர் அது. பின்னாளில் சைப்ரஸிலிருந்து வந்தது. வெயிலில் காய்ந்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் மணமுள்ள மரங்களையும் செடிகளையும் எரித்து, இலை கறுப்பாகும் வரை புகை ஊட்டுவார்கள். சில கலவைகளில் பெரீக் என்ற இலையும் கொஞ்சம் சேரும். அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் மரப்பீப்பாயில் போட்டு அழுத்தி, அவ்வப்போது எடுத்து ஆறவிட்டு மறுபடி அழுத்தி, ஓராண்டுக்குக் குறையாமல் புளிக்க வைப்பது. முகர்ந்தால் பழம்புளியும் மிளகும் ஒன்றாக ஏறும்.

மாமா முதன்முதலாக டப்பாவை என் மூக்கருகே நீட்டி, “என்ன வாடை அடிக்கி மருமவனே?” என்று கேட்டார். “விடிலி வாடை” என்றேன். பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் விடிலிக்குள் நுழைந்தால் ஓலைக்கூரையில் வருடக்கணக்காக ஏறிய புகையும் அடுப்பில் கொதிக்கும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்து முகத்தில் அடிக்குமே, அதேதான். பாகு வர்ஜீனியா, கூரை லத்தாக்கியா. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எத்தனையோ வர்ணனைகள் படித்தேன். தேவாலயத் தூபம் என்பார்கள், கப்பல் கயிற்றுத் தார் என்பார்கள், குளிர்காலக் கணப்பு என்பார்கள். அவரவர் ஊரின் புகை அவரவர் மூக்கில். என் மூக்குக்கு இன்றும் அது விடிலிதான்.

இங்கிலாந்தில் இந்த ரசனைக்கு ஒரு கணக்குப் புத்தகமே இருந்தது. ஆல்பிரெட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவர் விருப்பப்படி இலை கலந்து கொடுத்து, அந்தக் கலவையை ‘மை மிக்ஸ்சர்’ புத்தகத்தில் எண் போட்டு எழுதி வைத்தார்கள். அப்படி எண் பெற்ற ஒன்றுதான் பின்பு உலகம் முழுக்க விற்ற ‘965’. காலையில் பிடிக்க ‘எர்லி மார்னிங் பைப்’, படுக்கப்போகும் முன் பிடிக்க ‘நைட்கேப்’ என்று வேளைக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். வாடிக்கையாளரின் நாக்கு எஜமான். அது சொன்னபடி இலை கூடும், குறையும்.

இனித் தட்டுக்கு வருகிறேன். பீடித் தூளையும் ஒரே இலை என்று நினைத்துவிட வேண்டாம். கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்து நிப்பாணியும் குஜராத்தில் ஆனந்த், கேடா பகுதியும் பீடிப் புகையிலைக்குப் பேர்போனவை. இலையை வெயிலில் உலர்த்தி நொறுக்கிச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். காரம் கூடியதையும் குறைந்ததையும் விகிதம் பார்த்துக் கலப்பது ஒவ்வொரு கம்பெனியும் கட்டிக் காக்கும் வித்தை. முக்கூடலில் வளர்ந்த சொக்கலால் போன்ற பெயர்கள் தெற்கத்திக் கடைகளில் நிலைத்ததற்கு, குடிப்பவன் நேற்றுக் கண்ட காரம் இன்றும் அதே அளவில் கிடைத்ததுதான் காரணம். டியூக் தெருவில் ஆளுக்கொரு கலவை. இங்கே லட்சம் பேருக்கு ஒரே கலவை, அதுவும் பிசகக் கூடாது. இதில் எது கடினம் என்று கேட்டால் இரண்டாவது என்பேன்.

ஆனால் பீடியின் ருசியில் தூளின் பங்கு பாதிதான். பலரும் கவனிக்காத இடம் இது. பைப்பில் பிரையர் வேர்க்கட்டையால் செய்த கிண்ணம் எரிவதில்லை. உள்ளே இருக்கும் புகையிலை மட்டுமே எரிகிறது. பீடியில் பாத்திரமே எரிகிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வரும் தெண்டு இலைதான் அந்தப் பாத்திரம். ஒரு பீடிக்குள் இருக்கும் தூள் கால் கிராம்கூட இருக்காது. சுற்றியிருக்கும் இலையின் எடை பெரும்பாலும் அதைவிட அதிகம். முதல் இழுப்பில் நாக்கில் படுவது புகையிலையே அல்ல, இலைச் சருகின் துவர்ப்பு. இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகுதான் தூளின் காரம் அதன்மேல் ஏறி உட்காரும். காட்டு இலையும் தோட்டத்து இலையும் வாய்க்குள் வந்து சேரும் கலவை இது.

அதனால் புகைக்கும் வேகமும் தலைகீழ். பைப்பை முதலில் ஒருமுறை பற்றவைத்து, மேல்பரப்பு கருகி எழும்பியதும் மெல்ல அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். பிறகு மூச்சு விடுகிற மாதிரி நிதானமாக இழுத்தால் ஒரு கிண்ணம் முக்கால் மணி நேரம் போகும். அவசரப்பட்டால் சூட்டிலும் நீராவியிலும் நாக்கு வெந்துபோகும். லத்தாக்கியாவின் மணம் மறைந்து வெறும் கசப்பு நிற்கும். புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயில் வைத்துக் கொஞ்சம் மூக்கு வழியே வெளியேற்றினால்தான் சிற்றிலையின் புளிப்பு தனியாகத் தெரியும். தேர்ந்தவர்கள் கிண்ணத்தை மேல், நடு, அடி என்று மூன்றாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். மேலே வர்ஜீனியாவின் இனிப்பு, நடுவில் மூன்றும் ஒன்றான நிறைவு, அடியில் ஈரமும் காரமும். அடிவரை கசக்காமல் சாம்பலாகிற கலவையே நல்ல கலவை.

பீடியில் இந்த நிதானம் நடக்காது. தெண்டு இலை லேசில் எரிந்துகொண்டே இருக்காது. ஒரு நிமிடம் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். தொடர்ந்து இழுத்தாக வேண்டும், நெஞ்சு நிறைய இழுத்தாக வேண்டும். எங்கள் ஊர் மதுரை ரோட்டில் லோடு இறக்குகிறவர்கள் இரண்டு மூட்டைக்கு நடுவில் பிடிக்கிற பீடிக்கு மேல், நடு, அடி என்று பார்க்க ஏது நேரம்? அவர்கள் சொல்லும் தீர்ப்பு சின்னச் சின்னச் சொற்களில் வரும். “காரம் பத்தல.” “தொண்டையைப் பிடிக்கி.” “இழுப்பு இல்ல.” “கமறுது.” “தூள் வாயில வருது.” இவற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காரம் கலவையைப் பற்றிய தீர்ப்பு, கமறல் இலையைப் பற்றியது. இழுப்பும் வாயில் வரும் தூளும் சுற்றிய கையைப் பற்றியவை. ஐந்து வார்த்தையில் கலப்பவர், காடு, சுற்றியவள் எல்லாரையும் எடைபோட்டு விடுகிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஆங்கிலப் பைப் புகையிலையையும் நம்மூர்ப் புகையிலையையும் ஒப்பிட்ட ஒருவர் கதை உலகத்தில் இருக்கிறார். கானன் டாயில் 1890-இல் வெளியிட்ட ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் ஷெர்லக் ஹோம்ஸ், 140 வகைப் புகையிலைகளின் சாம்பல் பற்றித் தாம் எழுதிய ஆய்வைக் குறிப்பிடுகிறார். திருச்சிச் சுருட்டின் கரிய சாம்பலும் ‘பேர்ட்ஸ் ஐ’ என்ற பைப் புகையிலையின் வெண்சாம்பலும் பழகிய கண்ணுக்கு இரண்டு காய்கறி போல வேறுவேறாகத் தெரியும் என்பது அவர் வாதம். சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. ஆனால் ஹோம்ஸும் புகைத்தவனைக் கண்டுபிடிக்கத்தான் சாம்பலைப் பார்த்தார். சுருட்டியவரைப் பற்றி அந்தச் சாம்பலில் அவர் எதுவும் தேடவில்லை.

நான் தேடுவது சுற்றுகிறவர்களைத்தான். பைப் டப்பாவைத் திறந்தவுடன் செய்கிற முதல் சோதனை ஈரம். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அமுக்கி விட்டால் மெதுவாக விரிய வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், பொடிந்தால் காய்ந்துவிட்டது. இதே சோதனையை அம்மா தினமும் காலையில் செய்வாள். தூளை உள்ளங்கையில் அள்ளி விரல்களை விரித்துப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் தாளை விரித்து அதில் ஆறவிடுவாள். முந்தின நாள் நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை எடுத்து நரம்பைத் தடவுவாள். நரம்பு தடித்த இலை சுற்றும்போது வெடிக்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரத்தி உருட்டி, நூல் கட்டி, வாயை மடக்குவாள். கட்டினதைக் காதருகே வைத்து லேசாக உருட்டுவாள். சரசரவென்று சத்தம் கேட்டால் தூள் குறைவு. “ஏய்யா, இது லூசா இருக்கு பாரு” என்று என் கையில் ஒன்றைக் கொடுத்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவள் தன் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. ஆனால் எந்தப் பீடி இழுக்கும், எது கமறும் என்று அவள் சொன்னது தப்பியதாக எனக்கு நினைவில்லை.

டப்பாவும் தட்டும் முற்றிலும் பிரிகிற இடம் இதுதான். மாமா ஒரு டப்பாவைப் பிடித்துப் பார்த்து “சப்புன்னு இருக்கு” என்று சொன்னால், அந்த டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போகும். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. சில வருடம் கிடந்தால் வர்ஜீனியா மெருகேறி ருசி கூடவும் செய்யும். அம்மா சுற்றிய பீடிக் கட்டைக் கம்பெனிக் கடையில் தரம் பார்க்கும் செக்கர் அமுக்கிப் பார்த்து “கழிவு” என்று சொன்னால், அன்றைய கூலியில் அவ்வளவு குறையும். கழித்ததைத் திருப்பியும் தர மாட்டார்கள். ஒரு கம்பெனிக் கடையில் அப்படிக் கழித்த பீடியைத் தனியாகக் கட்டி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆயிரம் பீடிக்கென்று கடையில் கொடுத்த இலையில் பாதி ஓட்டையாக இருந்தாலும் ஆயிரத்துக்கு ஆயிரம் சுற்றிக் கொடுத்தாக வேண்டும். அதனால் கைக்காசில் இலை வாங்கிச் சுற்றிய வாரங்கள் எங்கள் வீட்டில் உண்டு.

பைப் புகையிலையின் ருசி பற்றிய கருத்து வேறுபாட்டை இரண்டு ரசிகர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பீடியின் தரம் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு நாடாளுமன்றமே சட்டம் எழுத வேண்டியிருந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் இது இருந்தது: மூலப்பொருள் வழங்குவது, முதலாளி பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி தருவது ஆகியவற்றில் தகராறு வந்தால், மாநில அரசு விதிகளில் குறிப்பிடும் அதிகாரி அதைச் சுருக்க முறையில் தீர்க்க வேண்டும். “லூசா இருக்கு” என்ற சொல்லுக்கு அவ்வளவு எடை. அந்தப் பிரிவு இருந்தது அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

இரண்டும் உடம்பைக் கெடுப்பவை. பைப் புகை நெஞ்சுக்குள் போகாவிட்டாலும் வாயையும் தொண்டையையும் தாக்கும். பீடி தொடர்ந்து ஆழமாக இழுக்க வைப்பதால் நுரையீரலை இன்னும் மோசமாகத் தாக்கும். சிறியது, இலையில் சுற்றியது, ஆகவே சாது என்று நினைப்பது பெரிய தவறு. மாமாவின் இருமலைக் கேட்டுத்தான் நான் இரண்டையும் விட்டேன். ஆனால் புகைக்காத அம்மாவுக்கும் தூள் நெடியில் இருமல் இருந்தது. குனிந்தே உட்கார்ந்து முதுகும் கூன் விழுந்தது. புகைப்பவன் விட்டுவிடலாம். சுற்றுகிறவளுக்கு மாற்று வேலை கிடைக்கிறவரை தட்டை மடியிலிருந்து இறக்க வழியில்லை.

நாக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். மணத்தின் விரிவிலும் அடுக்கிலும் ஆங்கிலக் கலவையே மேல். அதில் சந்தேகமில்லை. கைவேலையின் நுட்பத்தில் அதைப் பீடியின் பக்கத்தில் வைக்க முடியாது. நல்ல கலவையை டப்பாவில் அடைக்க இயந்திரம் போதும். கால் கிராமுக்கும் குறைந்த தூளை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத காட்டு இலையில், ஒரே இழுப்பு வருகிற மாதிரி ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சுற்றுவதற்கு விரல் வேண்டும்.

டன்ஹில் கடையின் புத்தகத்தில் வாடிக்கையாளரின் கலவை பதிவானது. நம் பக்கத்துப் பெண்களின் விரல் அறிவு எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை. மேலப்பாளையம், முக்கூடல், தச்சநல்லூர்த் தெருக்களில் நாற்பது ஐம்பது வருடம் பீடி சுற்றியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஓர் ஆச்சி இருந்தால் ஒரு மாலை நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இலையை எப்படித் தேர்ந்தார், தூளை எப்படிப் பார்த்தார், கடையில் எதைக் கழித்தார்கள், அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள்.