கூரை போட வந்தவர்கள்



இந்த மாதப் பேச்சு ஒரு பழைய கடனைப் பற்றியது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியை எங்களில் வயது போனவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விடிந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. வளவில் நிமிர்ந்து நின்ற தென்னை இரண்டோ மூன்றோதான்.

நாலைந்து நாள் கழித்து, எங்கள் ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தேவாலயத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். விழுந்த தென்னைகளின் ஓலை காய முன்னர் வெட்டிக் குளத்தில் ஊறப்போட்டார்கள். ஊர்ப் பெண்கள் கிடுகு பின்ன, அவர்கள் மூன்று நாளில் கூரையைப் போட்டு முடித்தார்கள். அம்மம்மா பிளேன்ரீ கொடுத்துவிட்டு, "ஏன் மகன் எங்களுக்குச் செய்யிறீங்க? நாங்க சைவக்காரர்" என்றா. கூரையில் இருந்தவன், "மழை வருகுதுதானே, அம்மம்மா" என்றான். அவன் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அந்தக் கடன்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான், இப்படி வருவதையே ஒரு மரபாக வைத்திருக்கும் மக்களைப் பற்றி அறிந்தேன். சனிக்கிழமைகளில் சென் ஜேக்கப்ஸ் சந்தைக்குப் போகிறவர்கள் கறுப்புத் தொப்பியும் குதிரை வண்டியுமாக அவர்களைப் பார்த்திருப்பீர்கள். மெனோனைற் மக்கள். (எல்லா மெனோனைற்றும் குதிரை வண்டியில் போவதில்லை. பெரும்பாலானோர் எங்களைப் போலக் கார்தான் ஓடுகிறார்கள்.) 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வெளியேறிய மெனோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் வந்த கூட்டம் இது. ஆயுதம் தூக்குவதில்லை என்பது அவர்களின் அடிப்படை விதி. அதனாலேயே நாடு நாடாக ஓடினார்கள். வாட்டர்லூப் பக்கம் 1800ஐ ஒட்டிப் பென்சில்வேனியாவிலிருந்து வந்து காடு வெட்டியவர்கள் இவர்கள். அயலவனின் களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடி அதைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது அவர்களின் வழக்கம். எங்கள் ஊர்களில் வீடு வேய்கிற நாளில் அயலார் கூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1920களில் ரஷ்யப் புரட்சியிலும் பஞ்சத்திலும் தப்பி இன்னும் சுமார் 20,000 மெனோனைற்றுகள் கனடாவுக்கு அகதிகளாக வந்தார்கள். அகதி என்றால் என்ன என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1979இல் அகதிகளைப் பொறுப்பேற்கக் கனேடிய அரசோடு முதன்முதல் ஒப்பந்தம் செய்ததும் அவர்களின் மத்திய குழுதான்.

இரண்டாம் உலகப் போரில் இவர்கள் போருக்குப் போக மறுத்தார்கள். கனடாவில் மறுத்தவர்கள் எல்லாச் சபைகளையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல், அதில் பெரும்பான்மை மெனோனைற்றுகள். அரசு அவர்களைத் தேசியப் பூங்காக்களுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியக் காடுகளுக்கும் அனுப்பி, தெருப் போடவும் தீ அணைக்கவும் மரம் நடவும் விட்டது. பிள்ளையைப் போரில் பறிகொடுத்த அயல்வீட்டுத் தாய்க்கு முன்னால், போகாமல் இருந்தவன் எப்படி முகம் காட்டுவான்? கோழை என்ற சொல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. போர் என்றால் என்னவென்று கண்டு வந்த எங்களுக்கு இந்தக் கேள்வி இலேசானதல்ல. அவர்கள் கோழைகள் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தாயின் கோபத்தையும் பிழை சொல்ல மாட்டேன்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை. 1950இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹெஸ்ரன் என்ற சிற்றூர்ப் பக்கம், ஞாயிறு மறைவகுப்பைச் சேர்ந்த இளம் தம்பதிகள் ஒரு பிக்னிக்கில் கூடிப் பேசினார்கள். போர்க்காலத்தில் கட்டாயத்தால் செய்த சேவையை, சமாதான காலத்தில் ஒருவரும் கேட்காமலே செய்தால் என்ன? அடுத்த ஆண்டு விச்சிற்றா நகரத்தில் வெள்ளம் வந்தபோது மண்மூட்டை அடுக்கப் போனார்கள். மெனோனைற் பேரிடர்ச் சேவை என்று இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் வேலை செய்கிற அமைப்பு அந்தப் பிக்னிக்கில் தொடங்கியது.

ஒன்ராறியோவில் அதற்கு வேலை வந்தது 1954 ஒக்டோபர் 15 இரவு. ஹேசல் சூறாவளி ரொறன்ரோவை அடித்தது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். ஆட்களைக் காப்பாற்றப் போன தொண்டர் தீயணைப்பாளர் ஐவரும் ஆற்றோடு போனார்கள். இன்று அந்தத் தெருவின் ஒரு பகுதி இருந்த இடத்தில் பூங்கா இருக்கிறது. ஹம்பரை அண்டிய பள்ளத்தாக்குகளில் வீடு இல்லாமல் புல்வெளி மட்டும் இருப்பதற்குக் காரணம் நகரத்தின் அழகுணர்ச்சி அல்ல. வெள்ளம் ஏறும் நிலத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்று அந்த அனுபவத்துக்குப் பிறகு எடுத்த முடிவு அது. கோடையில் அங்கே பார்பிக்யூ போடுகிறவர்கள் ஒரு நிமிடம் ஆற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு வடக்கே ஹாலந்து மார்ஷ் என்ற தோட்டநிலமும் மூழ்கியது. எங்கள் கரட்டும் வெங்காயமும் வருகிற இடம். 1930களில் டச்சுக் குடும்பங்கள் அங்கே குடியேறியது உண்மை. ஆனால் பெயர் அவர்களால் வந்ததல்ல, சாமுவேல் ஹாலந்து என்ற நில அளவையாளரின் பெயர் அது. கால்வாயும் அணையும் கட்டி வற்றச்செய்த சதுப்பு ஆதலால், ஏறிய தண்ணீருக்கு இறங்க வழி இல்லை. இறைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீடுகளுக்குள் சேறும் அழுகிய மரக்கறியும். வாட்டர்லூ மெனோனைற் ஆண்கள் அங்கே துப்புரவு வேலைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் வேறு சபையினர் என்பது அந்தச் சேற்றில் ஒரு விஷயமாகவே இருக்கவில்லை. 1985 மே 31இல் பரி நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சுழல்காற்று சிதைத்தபோதும் சுத்தியலோடு வந்தார்கள்.

2013 யூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. எற்றோபிக்கோவில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் அம்மா, கணவர் இல்லாதவர், பேஸ்மென்ற் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரோடு இருந்தார். மூன்றாம் நாள் அந்தத் தெருவில் உள்ள ஒரு தேவாலயத்துப் பிள்ளைகள் கையுறையும் மண்வெட்டியுமாகக் கதவைத் தட்டினார்கள். அவர் திறக்கவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, ஆரோ வெள்ளைப் பிள்ளையள் நிக்குதுகள், எவ்வளவு கேப்பினமோ தெரியாது" என்றார். போய்ப் பார்த்தேன். பொறுப்பாக வந்தவர் விளக்கினார்: நனைந்த சுவர் அட்டையில் இரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், கீழிருந்து வெட்டி எடுக்காவிட்டால் வீடு முழுக்கப் பரவும். காசு வேண்டாம்.

காசு வேண்டாம் என்றதும் அம்மா இன்னும் பயந்தார். சும்மா வாங்கினால் நாங்கள் பிச்சைக்காரரோ என்பது ஒன்று. மதம் மாற்ற வந்தார்களோ என்பது மற்றது. இரண்டாவது சந்தேகம் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். உதவியோடு துண்டுப்பிரசுரமும் கொண்டு வருகிறவர்களை ஊரிலும் கண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. நான் அம்மாவுக்கு 1978 கதையைச் சொன்னேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

கேட்டுவிட்டு, "சரி, ஆனா சாப்பிடாமல் போக விடமாட்டன்" என்று கதவைத் திறந்தார். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், பின்னேரம் வரை கம்பளமும் சுவரும் வெட்டிச் சுமந்தார்கள். மேலே அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். சொதிக்கு உறைப்புக் குறைக்கச் சொல்லி நான்தான் குசினிக்குள் போனேன். அவர் கேட்கவில்லை.