மேப் பார்க்காமலே வழி தெரிவது எப்படி? எலி மூளையில் கிடைத்த 'ஜிபிஎஸ்' ரகசியம்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு கூட்டத்துக்குள் நுழைகிறீர்கள். உஸ்மான் ரோடு வந்ததும் கால் தானாக இடதுபக்கம், பனகல் பார்க் நோக்கித் திரும்புகிறது. செல்போனில் மேப் பார்க்கவே இல்லை. அப்போ வழி சொன்னது யார்?

மூளைக்குள் இருக்கும் சில சிறப்பு செல்கள்தான். இவற்றை விஞ்ஞானிகள் முதலில் கண்டுபிடித்தது எலிகளிடம். 2014-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசும் இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் கிடைத்தது.

இடம் சொல்லும் 'பிளேஸ் செல்'

1971-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதியில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி செல்களின் மின்துடிப்பைக் கவனித்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடித்தது. வேறு இடத்துக்குப் போனால் அது அடங்கி, இன்னொரு செல் துடித்தது.

மயிலாப்பூரை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். தெப்பக்குளம் பக்கம் நின்றால் சில செல்கள், லஸ் கார்னருக்கு வந்தால் வேறு சில செல்கள். இவை சேர்ந்ததுதான் மனசுக்குள் இருக்கும் மயிலாப்பூர் வரைபடம்.

திசை சொல்லும் செல்

இடம் தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். 1984-ல் ஜேம்ஸ் ராங்க், எலி தலையை ஒரு குறிப்பிட்ட திசையில் திருப்பும்போது மட்டும் துடிக்கும் செல்களைப் பற்றி அறிவித்தார்.

ஆனால் இது காந்தத் திசைகாட்டி இல்லை. கண்ணில் படும் அடையாளங்களையும், காதின் உட்பகுதி உணரும் தலை அசைவையும் வைத்தே திசை கணக்கிடப்படுகிறது. நந்தனத்தில் சுரங்க மெட்ரோவிலிருந்து மேலே வந்ததும் சில நொடி 'எந்தப் பக்கம் போறது?' என்று குழம்புகிறோமே, அதற்கும் இதுதான் காரணம். தெரிந்த கட்டடம் ஒன்று கண்ணில் பட்டதும் திசை சரியாகிவிடும்.

கோலப்புள்ளி போல 'கிரிட் செல்'

2005-ல் நார்வேயின் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் குழு, ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகை செல்லைக் கண்டது. இது ஒரே இடத்தில் துடிக்காமல், சம தூரத்தில் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால், மாட வீதிகளில் மார்கழியில் போடும் ஊடுபுள்ளி கோலத்தின் புள்ளிகள் போலவே முக்கோணம் முக்கோணமாக அமைந்திருந்தன. எவ்வளவு தூரம் நடந்தோம் என்று அளக்க இந்தப் புள்ளிகள் உதவுவதாகக் கருதப்படுகிறது.

அடையாறு பக்கம் நடந்த ஆய்வு

இந்த செல்கள் எப்படி உருவாகின்றன? சென்னை ஐஐடி பேராசிரியர் வி.ஸ்ரீனிவாச சக்ரவர்த்தியின் குழு இதைக் கணினி மாதிரிகள் மூலம் ஆராய்கிறது. விலங்கின் திசை, வேகம் ஆகிய தகவல்களை மட்டும் ஒரு செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்குக் கொடுத்தார்கள். அது பயிற்சி பெறப் பெற, கிரிட் செல், பிளேஸ் செல் போன்றவை அதற்குள் தானாகவே உருவாயின. வௌவால் போல முப்பரிமாணத்தில் பறக்கும் விலங்குகளுக்கும் இதை விரிவுபடுத்திய ஆய்வு, 2018-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்கம்பி பொருத்தப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளில், மனிதர்களுக்கும் இத்தகைய செல்கள் இருப்பது தெரியவந்தது. 2003-ல் பிளேஸ் செல்லும், 2013-ல் கிரிட் செல் போன்றவையும் பதிவாயின.

முக்கியமான விஷயம் இதுதான்: அல்சைமர் மறதிநோய் முதலில் தாக்கும் பகுதிகளில், கிரிட் செல்கள் இருக்கும் பகுதியும் ஒன்று. அதனால்தான் பெயர், முகம் மறப்பதற்கு முன்பே சிலருக்கு வழி மறக்கிறது.

புது ஏரியாவில் தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் முப்பது வருடமாகக் காய்கறி வாங்கப் போகும் தெருவிலிருந்து வீடு திரும்ப ஒரு பெரியவர் அடிக்கடி திணறினால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சீக்கிரம் தெரிந்தால், சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் குடும்பம் முன்கூட்டியே தயாராகலாம்.