வங்கிக் கிளைகளின் யூனிக்ஸ் கணினிகளும் வன்தட்டுக் கட்டுப்படுத்தியும்

சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை அளித்தபின் இந்திய வங்கிகளில் கணினிமயமாக்கம் வேகம் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. ஒரே கணினியுடன் பல முனையங்களை இணைக்க முடிந்ததால் கிளைகளில் யூனிக்ஸ் இடம்பிடித்தது.

பல எழுத்தர்கள் ஒரே வன்தட்டை நாடும் அமைப்பு இது. ஆகவே வன்தட்டை இயக்கும் கட்டுப்படுத்தி அட்டையின் தேர்வு சிறு செய்தியன்று. மலிவானது எஸ்டி-506 இடைமுகம். சீகேட் 1980இல் 5 மெகாபைட் வன்தட்டுடன் அதை அறிமுகப்படுத்தியது. இதில் வன்தட்டு காந்தத் துடிப்புகளை அப்படியே அனுப்பும். அவற்றிலிருந்து தரவைப் பிரித்தெடுப்பது அட்டையின் வேலை. இதனால் ஓர் அட்டையில் வடிவமைத்த வன்தட்டை வேறு வகை அட்டை பெரும்பாலும் படிக்காது. அட்டை பழுதானால், வன்தட்டு நலமாக இருந்தும், அதே வகை அட்டை கிடைக்கும்வரை பேரேடு கைக்கெட்டாது. நாடாவில் நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பினர்.

1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட ஸ்கசியில் இந்தப் பிரித்தெடுப்பு வன்தட்டுக்குள்ளேயே நடந்தது. அடாப்டெக் 1542 போன்ற அட்டைகள் மையச் செயலகத்துக்குச் சுமை தராமல் தரவை நேரே நினைவகத்தில் சேர்த்தன. விலைதான் கூடுதல். ஐஎஸ்ஏ பாட்டையில் இந்த நேரடி அணுக்கம் முதல் 16 மெகாபைட்டுக்கு மேல் எட்டாது என்பது பின்னாளில் இடையூறானது.

டாஸில் ஓடும் அட்டை யூனிக்ஸிலும் ஓடும் என்ற உறுதி கிடையாது. டாஸ் வன்தட்டை பயாஸ் வழியே அணுகியது. யூனிக்ஸ் கருவோ தன் சொந்த இயக்கி நிரலைக் கொண்டு அட்டையுடன் நேரே பேசியது. அந்த இயக்கி கருவில் இல்லையென்றால் கணினி தொடங்கவே தொடங்காது.