உள்ளே ஒன்றுமில்லாத சுவர்!

உங்கள் ஆபீஸில் மேனேஜர் அறைக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவே நிற்கிற சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். பெட்டியைத் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்று கேட்டால், அது செங்கல் சுவர் இல்லை. இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, நடுவில் தகரச் சட்டங்கள், மீதியெல்லாம் காற்று! வெள்ளிக்கிழமை சாயந்திரம் இல்லாத சுவர் திங்கட்கிழமை காலையில் முளைத்திருப்பது இதனால்தான்.

இந்தக் காற்றுச் சுவருக்குக் கிட்டத்தட்ட இருநூறு வயது. பிறந்த ஊர் அமெரிக்காவின் சிகாகோ. பிறக்கக் காரணம்... ஆணி!

சிரிக்காதீர்கள். கொல்லர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிச் செய்த காலத்தில் ஆணி என்பது விலை உயர்ந்த சரக்கு. 17-ம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில், ஊரைக் காலி செய்பவர்கள் ஆணியைப் பொறுக்குவதற்காகவே பழைய வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். 'கொளுத்தாதே, வீட்டில் எத்தனை ஆணி இருக்குமோ அத்தனையும் அரசாங்கம் தரும்' என்று சட்டமே போட வேண்டியதாயிற்று! ஆகவே அன்றைய மர வீடுகளில் ஆணிக்கு வேலை குறைவு. தடித்தடியான உத்தரங்கள். ஒன்றில் துளை, இன்னொன்றில் கழுந்து, இரண்டையும் கோத்து மர ஆப்பு அடிக்க வேண்டும். அதற்குக் கைதேர்ந்த தச்சர்கள் வேண்டும். தூக்கி நிறுத்த ஊரே வர வேண்டும்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரம் ஆணி வெட்ட ஆரம்பித்தது. விலை சரிந்தது. மரம் அறுக்கும் ஆலைகள் ஒரே அளவில் மெல்லிய சட்டங்களைக் குவித்தன. 1833-ல் சிகாகோவில் இருந்தவர்கள் சுமார் 350 பேர். வந்து இறங்குகிறவர்களோ ஏராளம். தச்சர்களுக்குப் பஞ்சம். 'எதற்கு உத்தரம்? இரண்டு அங்குலத்துக்கு நாலு அங்குலச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணி அடித்து, மேலே பலகையை வைத்து மூடு!' என்று கிளம்பினார்கள். சுத்தியல் பிடிக்கத் தெரிந்தால் போதும், வீடு ரெடி. (இன்றைக்கு அமெரிக்கக் கடையில் 'இரண்டுக்கு நாலு' என்று கேட்டு வாங்கும் சட்டத்தை அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். அது தனிக் கதை.)

காற்றடித்தால் பறந்துவிடும் என்று கேலி செய்து வைத்த பெயர்தான் 'பலூன் ஃபிரேம்' என்பார்கள். முதலில் கட்டியது ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்நோவா, அகஸ்டின் டெய்லரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் மல்லுக்கு நிற்கிறார்கள். யாராக இருந்தாலும் பலூன் பறக்கவில்லை. ஊர்தான் வீங்கியது. 1871-ல் சிகாகோவின் மக்கள்தொகை சுமார் மூன்று லட்சம்!

அந்த வருஷம் அக்டோபர் 8-ம் தேதி இரவு, ஒரு கொட்டிலில் நெருப்பு பிடித்தது. மழையே காணாத கோடை, பலமான காற்று, வீடு மரம், நடைபாதைகூட மரம். சுமார் 300 பேர் இறந்தார்கள். 17,000-க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பல். ஒரு லட்சம் பேர் தெருவில். லாந்தரை உதைத்தது திருமதி ஓ'லியரியின் பசு மாடு என்று பத்திரிகைகள் பழி போட்டன. பாவம், அந்த அம்மாளைக் குற்றமற்றவர் என்று சிகாகோ மாநகர மன்றம் அறிவித்தது 1997-ல்!

பலூன் ஃபிரேமில் ஒரு கெட்ட குணம் உண்டு. சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்? சாட்சாத் புகைபோக்கியேதான்! கீழ்த்தளத்தில் பிடித்த நெருப்பு, சுவருக்குள்ளேயே ஏறி, யார் கண்ணிலும் படாமல் கூரையைத் தொட்டுவிடும். பிற்காலத்தில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகக் கட்டி, தளத்துக்குத் தளம் குறுக்குக் கட்டை போட்டு அந்தப் பாதையை அடைத்தார்கள்.

சட்டத்தின் மேலே எதைப் போர்த்துவது? ஸ்கேல் மாதிரியான மரப்பட்டைகளை வரிசையாக அடித்து, மேலே மூன்று பூச்சு காரை. ஒவ்வொன்றும் காய வேண்டும், வாரக்கணக்கில் வேலை. 1894-ல் அகஸ்டின் சாக்கெட் (இன்னோர் அகஸ்டின்!) காகித அடுக்குகளுக்கு நடுவே ஜிப்சம் காரையை வைத்துப் பலகையாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதைப் பின்னாளில் வாங்கிய கம்பெனி 1917-ல் 'ஷீட்ராக்' என்று பெயர் வைத்தது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நெருப்பு சுட்டால் அது ஆவியாக வெளியேறும். அது தீரும்வரை பலகைக்குப் பின்னால் சூடு லேசில் ஏறாது. சிகாகோ பட்ட பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து ஏது? ஆனாலும் 'அட்டைச் சுவர்' என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு அவசரமாக வீடு தேவைப்பட்டபோதுதான் சுளிப்பு மறைந்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947-லிருந்து 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. காரை பூசிக் காயவைக்க யாருக்குப் பொறுமை?

வானளாவிய கட்டடங்களில் மரத்துக்குப் பதில் இரும்பு வந்தது. துத்தநாகம் பூசிய தகட்டை 'ப' மாதிரி மடித்துத் தரையில் ஒன்று, கூரையில் ஒன்று. நடுவே 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒரு நிற்கும் சட்டம். பலகையின் அகலம் 48 அங்குலம் என்பதால் விளிம்பு சரியாகச் சட்டத்தின் மேல் உட்காரும். ஸ்க்ரூவை முடுக்கி, இணைப்பில் நாடா ஒட்டிப் பட்டி பார்த்தால் தீர்ந்தது. ஒயர் போக சட்டத்தில் துளைகூடத் தயார்!

1960-களின் கடைசியில் நியூயார்க்கில் எழுந்த உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களுக்கு இது வரப்பிரசாதம். 110 மாடி, கோபுரத்துக்கு 99 லிஃப்ட். அத்தனை லிஃப்ட் குழிகளையும் மாடிப்படிகளையும் செங்கல்லால் சூழ்ந்தால் எடை என்ன ஆவது? குழிக்குள் சாரம் கட்டாமல், வெளியே நின்றபடியே ஜிப்சம் பலகைகளை இரும்புச் சட்டத்தில் செருகும் முறையை இந்தக் கோபுரங்களுக்காகவே உருவாக்கினார்கள். 1968-ன் கட்டட விதிகள் அனுமதித்தன. விதி கேட்டதெல்லாம், நெருப்பை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. மோதினால் தாங்குமா என்று கேட்கவில்லை.

2001 செப்டம்பர் 11. காலை 8:46-க்கு வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. மூன்று மாடிப்படிகளும் துண்டிக்கப்பட்டன. 91-வது மாடிக்கு மேலே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தெற்குக் கோபுரத்தில் ஒரே ஒரு படி மிஞ்சியது. மோதிய பகுதியிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் தப்பினார்கள். மிக உயரமான கட்டடங்களில் மாடிப்படிச் சுவர் பலமான மோதலையும் தாங்க வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதி வந்தது 2009-ல்.

அதே காலை, அதே வடக்குக் கோபுரம். 50-வது மாடி அருகே ஒரு லிஃப்ட்டில் ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். புகை நுழைகிறது. கதவை நெம்பித் திறந்தால் எதிரே வெறும் சுவர்! அறுவரில் ஒருவர் யான் டெம்சூர், போலந்திலிருந்து வந்த ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. கையில் ஒரு வாளியும், தண்ணீர் வழிக்கும் துடைப்பானும்தான் இருந்தன. துடைப்பானின் உலோக விளிம்பால் ஜிப்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் முறை மாற்றிக்கொண்டார்கள். பாதியில் அலகு நழுவிக் குழிக்குள் விழ, வெறும் கைப்பிடியால் சுரண்டினார்கள். மூன்று அடுக்கு ஜிப்சம், பிறகு டைல்ஸ். உதைத்துத் திறந்த ஓட்டை வழியே ஒவ்வொருவராக நெளிந்து வெளியேறினால்... அது ஒரு கழிவறை!

அவர்கள் தெருவை அடைந்தபோது மணி 10:23. கோபுரம் இடிந்து விழுந்தது 10:28-க்கு. அந்தத் துடைப்பானின் கைப்பிடி இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.