பர்ஸும் பி செல்லும்

ஆம்பூர்க் கடையில் தோல் பர்ஸ் வாங்குகிறவரிடம், ‘ரத்தத்தில் இருக்கிற பி செல்லும் இதுவும் ஒரே வேர்ச்சொல்’ என்று சொன்னால் சிரிப்பார். உண்மை அதுதான். கிரேக்கத்தில் ‘பிர்சா’ என்றால் உரித்த தோல். லத்தீனில் அது ‘பர்சா’ ஆகிப் பையைக் குறித்தது. பிரெஞ்சில் பங்குச் சந்தைக்கும் ‘பூர்ஸ்’ என்றே பெயர். ஆங்கிலம் வழியாக நம் சட்டைப் பைக்குள் பர்ஸ் வந்தது.

இன்னொரு கிளை கோழியின் வால் பக்கம் போயிற்று. பதுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ஃபாப்ரீசியஸ், கோழியின் எச்சத் துவாரத்தை ஒட்டி ஒரு சிறு பை இருப்பதைக் குறித்து வைத்தார். அவர் இறந்தபின் 1621-ல் அது அச்சேறியது. விந்தைச் சேமிக்கும் பை என்பது அவர் எண்ணம். அது பொய்த்தது, ‘ஃபாப்ரீசியஸ் பர்சா’ என்ற பெயர் நின்றது. கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பை புதிதல்ல. கம்போரோ நோய் தாக்குவது இதைத்தான். செத்த குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் தேடுவது வீங்கிப்போன இந்தப் பையை. பிழைத்த குஞ்சுக்கும் மற்றத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிப்பதில்லை.

ஏன் என்பது அமெரிக்காவின் ஒஹாயோவில் தற்செயலாகத் தெரியவந்தது. புரூஸ் கிளிக் இந்தப் பையை வெட்டியெடுத்து வளர்த்த கோழிகளை, நண்பர் டிமோத்தி சாங் வகுப்புச் செயல்முறைக்கு வாங்கிப்போனார். கிருமியைச் செலுத்தியும் அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறவில்லை. ‘சயன்ஸ்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956-ல் ஒரு கோழி வளர்ப்பு ஆய்விதழ்தான் இடம் கொடுத்தது. 1969-ல் ஐவன் ராய்ட் குழு, எதிர்ப்பாற்றல் தரும் வெள்ளையணுக்களில் தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுவதை ‘டி’ என்றும் பர்சா வழி வருவதை ‘பி’ என்றும் எழுதியது. மனிதனுக்கு அந்தப் பையே கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரும் அதே எழுத்தில் தொடங்கியதால் பெயர் தப்பியது!

சொந்த உடலைத் தாக்காமல் விடும் சகிப்பின் முதல் பாடமும் அந்த மஜ்ஜையில்தான். புதிதாக உருவாகும் பி செல்களில் பாதிக்கு மேல் சொந்த உடலையே பகையாகப் பார்க்கக்கூடியவை என்று 2003-ல் கண்டார்கள். டேனரியில் தோலைத் தரம் பிரிப்பதுபோல இங்கும் ஒரு சோதனை உண்டு. குறையுள்ள செல் உடனே கழிக்கப்படுவதில்லை. எதைப் பகையாகப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் தன் ஏற்பியை மாற்றி அமைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. திருந்தாதது மடியும், அல்லது செயலற்று ஒடுங்கும். வடிகட்டலில் தப்பியவை பின்னாளில், உடல் தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் தொல்லை தரக்கூடும்.

எதிர்ப்பொருள் சுரப்பதே பி செல்லின் வேலை என்றிருந்த எண்ணமும் மாறியது. சில பி செல்கள் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தைச் சுரந்து அழற்சியைத் தணிப்பதை 2002-ல் எலிகளில் காட்டினார்கள். சகிப்பின் கேள்வி உறுப்பு மாற்றிலும் எழுகிறது. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் அரிதாகச் சிலர் மாத்திரையை நிறுத்திய பிறகும் சிறுநீரகம் பழுதாகாமல் இருந்தார்கள். 2010-ல் அவர்கள் ரத்தத்தை ஆராய்ந்தபோது தனித்துத் தெரிந்தவை பி செல்லுக்குரிய மரபணுக்களின் தடங்கள்.