பறித்த பழத்தில் இடப்படும் பூஞ்சைக்கொல்லிகள்: ஜப்பானிய ஒழுங்குமுறை

பறித்த பழம் கிடங்கிலும் கப்பலிலும் அழுகாதிருக்க, அதன் தோலில் தெளித்தோ, கரைசலில் முக்கியெடுத்தோ, மெழுகுப் பூச்சில் கலந்தோ இடப்படும் மருந்துகள் அறுவடைக்குப் பிந்தைய பூஞ்சைக்கொல்லிகள் எனப்படும். ஆரஞ்சு, எலுமிச்சை முதலியவற்றில் தோலின் சிறு காயம் வழியே நுழைந்து பச்சையாகவோ நீலமாகவோ படரும் பெனிசிலியம் பூஞ்சைகளே இவற்றின் முதன்மை இலக்கு. ஐக்கிய அமெரிக்கா இவற்றைப் பூச்சிமருந்துகளோடு சேர்த்து ஒழுங்குபடுத்த, ஜப்பானோ வயலில் இடுவது வேளாண்மை, பறித்தபின் இடுவது உணவைக் காப்பது என்று பிரித்து, 1947ஆம் ஆண்டின் உணவுச் சுகாதாரச் சட்டப்படி உணவுச் சேர்பொருள்களாக வகைப்படுத்துகிறது. அச்சட்டத்தின்படி, சில விலக்குகள் தவிர, முன்னரே அனுமதி பெறாத சேர்பொருள் உணவில் இருத்தலாகாது.

இந்தப் பிரிவினையின் விளைவு இறக்குமதி பெருகியபோதுதான் தெரிந்தது. ஜப்பான் எலுமிச்சை இறக்குமதியை 1964இலும் கிரேப்ஃப்ரூட் இறக்குமதியை 1971இலும் தாராளமாக்கியது; பெட்டிக்குள் வைக்கும் தாளில் ஊறவைத்து, ஆவியாகப் பரவவிடப்படும் டைஃபீனைல் 1971இல் அனுமதி பெற்றது. 1975இல் அமெரிக்கப் பழங்களில் ஆர்த்தோஃபீனைல்ஃபீனால் என்ற அனுமதியற்ற பூஞ்சைக்கொல்லி கண்டறியப்பட்டு, அவற்றின் விற்பனை தடுக்கப்பட்டது. அமெரிக்கா விடாது நெருக்க, ஜப்பான் இணங்கி 1977இல் அம்மருந்தையும், 1978இல் தையபெண்டசோல் என்ற மற்றொரு பூஞ்சைக்கொல்லியையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தது. இமாசலில் என்ற மருந்து 1992இல் சேர்ந்தது. எலுமிச்சைக் குடும்பப் பழங்களில் ஒரு கிலோவுக்கு ஆர்த்தோஃபீனைல்ஃபீனாலும் தையபெண்டசோலும் 10 மில்லிகிராம் வரையும், இமாசலில் 5 மில்லிகிராம் வரையும் எஞ்சியிருக்கலாம்; வாழைப்பழத்தில் இமாசலிலுக்கு வரம்பு 2 மில்லிகிராம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஆர்த்தோஃபீனைல்ஃபீனாலின் சோடியம் உப்பைப் பெருமளவில் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதெனக் கருதும் 2பி பிரிவில் வைத்தது. உப்பாகாத மூலப்பொருளோ வகைப்படுத்த இயலாதவற்றின் 3ஆம் பிரிவில் உள்ளது. இமாசலிலுக்கு உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.03 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என வரையறுத்தது. எச்சத்தின் பெரும்பகுதி தோலிலேயே தங்குவதால், சுளையை மட்டும் உண்போருக்கு இவ்வரம்புகள் போதிய பாதுகாப்பளிக்கின்றன. எச்சம் தோலோடு நீங்கிவிடும் என்ற இக்காரணம், தோலோடு காய்ச்சப்படும் மார்மலேடு போன்றவற்றுக்குப் பொருந்தாது.

பின்னர் ஃப்ளூடயாக்சனில், பைரிமெத்தனில் முதலியவையும் அனுமதி பெற்றன. எடை போட்டு உதிரியாக விற்கும் கடைக்காரரும் பழத்தில் இடப்பட்ட மருந்தின் பெயரை அருகில் எழுதி வைக்குமாறு ஜப்பானிய அரசு அறிவுறுத்துவது, சேர்பொருள் என்ற வகைப்பாட்டால் நுகர்வோருக்குக் கிட்டிய பயனாகும்.