அக்கோடியன்

துருத்தியை விரித்தும் மூடியும் காற்றைச் செலுத்தி, உலோக நாக்குகளை அதிரவைத்து வாசிக்கும் கைப்பெட்டி வாத்தியம். தமிழ்நாட்டில் ‘அக்கார்டியன்’ என்று எழுதுவார்கள். பஜனையில் கேட்கும் ஆர்மோனியத்தின் நெருங்கிய உறவு இது. அது தரையில் உட்காரும், இது தோளில் தொங்கும்.

1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சுரக்கூட்டே ஒலித்தது. ஜெர்மன் மொழியில் அதற்கு ‘அக்கோர்ட்’ என்று பெயர். வாத்தியத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

நாக்கு என்பது ஒரு முனை மட்டும் தகட்டில் இறுகிய மெல்லிய எஃகுப் பட்டை. காற்று ஒரு பக்கமாக வந்தால்தான் அது பேசும். ஆகவே தகட்டின் இரு முகங்களிலும் ஒவ்வொரு நாக்கு இருக்கும்: ஒன்று துருத்தி விரியும்போது ஒலிக்க, மற்றது மூடும்போது ஒலிக்க. இரண்டும் வெவ்வேறு சுரமானால் அது டயட்டோனிக் வகை. நாட்டுப்புற ஆட்டங்களுக்கு ஏற்ற சிறு பெட்டி. இரண்டும் ஒரே சுரமானால் குரோமட்டிக் வகை. ரஷ்யாவின் ‘பயான்’ இந்த வகையில் பொத்தான் வைத்தது. நம்மவர்கள் அதிகம் கண்ட பியானோ அக்கோடியன் கட்டை வைத்தது.

பெரிய பியானோ அக்கோடியனில் வலக்கைக்கு 41 கட்டைகள், இடக்கைக்கு 120 பொத்தான்கள். எடை பத்துக் கிலோ வரும். இடக்கைப் பொத்தான்களை வாசிப்பவர் பார்க்க முடியாது. அதனால் ‘சி’ பொத்தானின் தலையில் ஒரு சிறு குழி இருக்கும்; விரல் அதைத் தடவி இடம் பிடிக்கும். அதற்கு அடுத்த மேற்பொத்தான் அதன் பஞ்சமம், அதற்கும் மேலே அதன் பஞ்சமம் என்று வரிசை ஏறும்.

அறுகோணக் கொன்செர்ட்டினாவும், டாங்கோ இசையின் பண்டோனியனும் இதே குடும்பம்தான். ஆனாலும் அவற்றை அக்கோடியன் என்பது சரியல்ல.

சுரத்தை வளைக்க முடியாதது இதன் பெரிய குறை. கமகம் இல்லாத வாத்தியம் கருநாடகக் கச்சேரி மேடையில் நிலைப்பது கடினம். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தபோதும் இந்தக் குறையே பேசப்பட்டது. அக்கோடியனுக்கு இடம் கொடுத்தது சினிமா. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் இதை வாசித்த கூடி சீர்வாய், இனோக் டேனியல்ஸ் ஆகியோர் பெயர் பெற்றார்கள். ‘சங்கம்’ (1964) படத்தில் ராஜ் கபூர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே பாடுவார். அந்த இசை இலங்கை வீடுகளுக்குள் வந்தது பெரிதும் இலங்கை வானொலி வழியாக. ‘பினாகா கீத்மாலா’ என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி 1952இல் அங்கேதான் தொடங்கியது.

இலங்கையில் இரத்தோட்டை போன்ற நக்கிள்ஸ் மலையடிவார ஊர்களில் இதைப் பேணுவது தனி வேலை. ஈரம் ஏறினால் எஃகு நாக்கு துருப்பிடிக்கும், காற்றை மறிக்கும் தோல் மடல் சுருளும். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் விட்டாலோ, நாக்குத் தகடுகளைப் பிடித்திருக்கும் தேன்மெழுகு இளகித் தகடு கழன்றுவிடும். ஆகவே பெட்டியை நிலத்தில் வைக்காமல், உலர்ந்த நிழலில் வைத்து, இடைக்கிடை எடுத்து வாசிக்க வேண்டும்.